கத்தி எங்கே போய்த் தொலைகிறது?

ஆன்லைன் ரோல்-பிளேயிங் விளையாட்டில் கிராஃப்டிங் (மூலப்பொருளைச் சேர்த்து ஆயுதம், மருந்து போன்றவற்றை ஆட்டக்காரரே செய்வது) அமைப்பது பற்றி தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ‘கைவினை’ என்று எழுதக் கூடாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எழுதலாம்தான், ஆனால் விளையாடுபவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

கே: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு விளையாட்டு உருவாக்குகிறோம். 140 ரெசிபி (எந்தப் பொருளுக்கு எவ்வளவு மூலப்பொருள் என்ற செய்முறை) எழுதியாகிவிட்டது. சோதனைக்கு வந்த 60 பேரும் முதல் நாள் உலைக்குப் போனார்கள். மூன்றாம் நாள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இன்னும் 100 ரெசிபி சேர்த்தால் சரியாகுமா? (நால்வர், ஓசூர்)

ப: ஆகாது. இருக்கும் 140-ஐ 20 ஆக்குங்கள்.

காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. குகையில் பூதத்தைக் கொன்றால் எஃகு வாள் விழுகிறது. அந்த வாள் தேய்வதே இல்லை. 60 பேருக்கும் வாள் கிடைத்துவிட்டால் கொல்லருக்கு என்ன வேலை? ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி விலை சரியும் வாரத்தில் நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல: பறிகூலிக்குக்கூடத் தேறாது என்று செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். தக்காளியாவது அழுகி இடத்தைக் காலி செய்யும். உங்கள் வாள் அழுகாது.

ஆகவே ரெசிபி எழுதும் முன் எழுத வேண்டியது ஒன்று உண்டு: செய்த பொருள் எந்த வழியாக உலகத்தை விட்டுப் போகிறது? அந்த வழி இல்லாத பொருளுக்கு ரெசிபியே வேண்டாம். 1997-ல் வந்த அல்டிமா ஆன்லைன் தொடங்கும்போது உலகத்தில் மொத்த வளம் இவ்வளவுதான் என்று ஒரு மூடிய சுழற்சி வைத்திருந்தார்கள். பொருள் அழிந்தால்தான் புதுத் தாது முளைக்கும். ஆட்டக்காரர்கள் எதையும் அழியவிடாமல் வீட்டில் குவித்தார்கள், சுழற்சி அடைத்துக்கொண்டது, திட்டத்தையே கைவிட வேண்டியதாயிற்று. மனிதர் சேர்த்து வைப்பார்கள் என்பதைக் கணக்கில் எடுக்காத விளையாட்டு எதுவும் உருப்பட்டதில்லை.

இப்போது ஒரு விரிதாள் திறந்து, ஒவ்வொரு பொருளுக்கும் காசு விலை போடாமல் நிமிட விலை போடுங்கள். உதாரணத்துக்கு ஒரு இரும்பு வாள்: 12 தாது, 6 கரி, 1 தோல். சுரங்கத்தில் நடை நேரத்தையும் சேர்த்து நிமிடத்துக்கு 4 தாது கிடைக்கும் என்றால் தாதுவுக்கு 3 நிமிடம். கரி நிமிடத்துக்கு 3 என்றால் 2 நிமிடம். தோலுக்கு 2 நிமிடம். ஆக ஒரு வாளின் விலை 7 நிமிட உழைப்பு.

அந்த வாள் 90 நிமிடச் சண்டைக்குத் தாங்கும் என்று வையுங்கள். 90-ஐ 7-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 13. அதாவது ஒரு கொல்லரின் முழுநேர உழைப்பு 13 போர்வீரர்களுக்குப் போதும். உங்கள் 60 பேரில் 5 பேருக்கு மேல் வாள் அடிக்க வந்தால் ஆறாமவர் சரக்கு தேங்கும். வாள் 30 நிமிடம்தான் தாங்கும் என்று மாற்றினால் 4 வீரருக்கு ஒரு கொல்லர்; ஊரில் ஐந்தில் ஒரு பங்குப் பேர் உலையில் நிற்பார்கள், சண்டைக்குப் போனவர்கள் எரிச்சலாவார்கள். எங்கள் அபிப்பிராயத்தில் எல்லாத் தொழில்களையும் சேர்த்து 5 முதல் 8 வீரருக்கு ஒரு செய்பவர் என்ற விகிதம் வந்தால் தொடங்கலாம். பிறகு சோதனையில் கிடைக்கும் எண்ணை வைத்துத் திருத்துங்கள்.

பூதத்திடமிருந்து முழு வாள் விழுவதை நிறுத்துங்கள். முறிந்த வாள் விழட்டும். அதைக் கொல்லரிடம் கொண்டுபோனால்தான் ஆயுதம் என்று வையுங்கள். குகைக்குப் போனவருக்கும் ஒன்று கிடைத்த மகிழ்ச்சி, கொல்லருக்கும் வேலை.

கே: ஆயுதம் உடைந்தால் ஆட்டக்காரர்கள் திட்டுகிறார்களே! உடையாமலே செய்ய வழி இல்லையா? (பாலக்கோடு)

ப: திட்டுவது உடைவதற்காக இல்லை, சொல்லாமல் உடைவதற்காக. சண்டை நடுவில் கை வெறுமையானால் யாருக்கும் கோபம் வரும். 25% மிச்சம் இருக்கும்போது படம் மஞ்சளாகட்டும், 10%-ல் சிவக்கட்டும். முழுக்கத் தேய்ந்த வாள் மறைய வேண்டாம். சேதம் பாதியாகட்டும், அவ்வளவு போதும்.

பழுது பார்க்கும் வசதி தந்தால் மேலே சொன்ன கணக்கு தலைகீழாகும், கவனம். வாளின் உறுதி 100 என்று வைத்து, ஒவ்வொரு பழுதுக்கும் உச்ச அளவு 10 குறையும், உச்சம் 50-க்குக் கீழே இறங்கும் நிலை வந்தால் வாளைக் கழித்துவிடுவார்கள் என்று கொள்வோம். 100, 90, 80, 70, 60, 50: கூட்டினால் 450. முதலில் 90 நிமிடம் தாங்கிய வாள் இப்போது 405 நிமிடம் தாங்கும். அதே 7 நிமிட உழைப்புக்கு 58 வீரர்! கொல்லர் தொழில் ஒரே பேட்ச்சில் (விளையாட்டைத் திருத்தி வெளியிடும் புதுப்பிப்பில்) செத்துப்போகும். பழுதுக்கும் பொருள் கேளுங்கள். ஒரு பழுதுக்கு 2 நிமிட உழைப்புள்ள கரியும் கம்பியும் என்றால் ஐந்து பழுதுக்கு 10, ஆக 17 நிமிடம்; 405-ஐ 17-ஆல் வகுத்தால் 24 வீரர். இன்னும் அதிகம்தான். பழுதுச் செலவை ஏற்றுவதா, உச்சக் குறைவை 15 ஆக்குவதா என்பதை இந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தேய்மானம் தவிர வேறு வழிகளும் உண்டு. 2003-ல் வந்த ஈவ் ஆன்லைனில் கப்பல் வெடித்தால் வெடித்ததுதான். ஆட்டக்காரர்கள் கட்டும் கப்பல்களுக்குக் கிராக்கி குறையாததற்கு அதுவே காரணம். அல்பியன் ஆன்லைனில் ஆபத்தான பகுதியில் செத்தால் மேலிருந்த பொருள் போகும். அதில் ஒரு பங்கு எதிராளிக்கும் கிடைக்காமல் அழியும். 2013-ல் வெளிவந்த பாத் ஆஃப் எக்ஸைலில் காசு என்று தனியாக ஒன்று வைக்கவில்லை. ஆயுதத்தின் தன்மையை மாற்றப் பயன்படும் உருண்டைகளையே பணமாகக் கொடுத்து வாங்கினார்கள். செலவழித்தால்தான் பயன் என்பதால் அந்தப் பணம் தானாகக் கரைந்துகொண்டே இருக்கும். கெட்டிக்கார யோசனை. இதில் பாதி அளவு துணிச்சல் நம்மிடம் இருந்தாலே போதும்.

அம்பு, மருந்து, உணவு ஆகிய மூன்றும் இயல்பாகவே தீர்ந்துபோகும் பொருள்கள். முதல் 20 ரெசிபியில் 8 இவையாக இருக்கட்டும்.

கே: பொத்தானை அழுத்தினால் பட்டை நிரம்புகிறது, கத்தி வருகிறது. இதில் என்ன சுவாரசியம்? எப்படி மாற்றுவது? (பென்னாகரம், இதே கேள்வி மத்தூரிலிருந்தும்)

ப: வெல்லம் காய்ச்சுபவர் கொப்பரை பக்கத்தில் நின்று என்ன பார்க்கிறார்? பதம். கொஞ்சம் முந்தினால் அச்சில் இறுகாது, பிந்தினால் கருகும். உங்கள் விளையாட்டில் பதம் இல்லை, அதுதான் குறை. செய்பவர் கண்ணால் பார்த்து, இப்போதா இன்னும் கொஞ்சமா என்று முடிவெடுக்கும் இடம் ஒன்றாவது இருக்க வேண்டும். வேகமாகக் கிளிக் செய்யும் மினி-கேம் பதம் ஆகாது. அது விரலுக்கு வேலை, அவ்வளவே. இன்டர்நெட் தாமதம் 150 மில்லி விநாடி இருக்கும் ஆட்டக்காரர் அதில் எப்போதும் தோற்பார்.

ஃபைனல் ஃபேண்டஸி 14 இதை முறைவைத்துச் செய்கிறது. செய்யப்படும் பொருளுக்கு முன்னேற்றம், தரம், உறுதி என்று மூன்று எண்கள். பெரும்பாலான செயல்கள் உறுதியைத் தின்னும். அது தீரும் முன் முன்னேற்றத்தை முடிக்க வேண்டும். மிச்சமிருக்கும் இடத்தில் தரத்தை ஏற்றிக்கொள்ளலாம். நேர நெருக்கடி இல்லை, யோசித்துச் செய்யலாம்.

அதை நகல் எடுக்காமல், உலைக்கே உரிய மாதிரி ஒன்றைத் தருகிறோம். எண்கள் மூன்று: சூடு, உருவம், நயம். செயல்கள் மூன்று. துருத்தி ஊதினால் ஒரு கரி செலவு, சூடு 30 ஏறும். ஓங்கி அடித்தால் உருவம் 18 ஏறும், சூடு 12 இறங்கும். தட்டி அடித்தால் உருவம் 8, நயம் 6 ஏறும், சூடு 8 இறங்கும். சூடு 40-க்குக் கீழே அடித்தால் விரிசல். 90-க்கு மேலே போனால் இரும்பு எரியும். உருவம் 100 ஆனால் முடிந்தது.

ஓட்டிப் பார்ப்போம். மூன்று ஊதலில் சூடு 90. ஓங்கி ஐந்து அடி: உருவம் 90, சூடு 30. இன்னொரு ஊதல், 60. தட்டி இரண்டு அடி: உருவம் 106. முடிந்தது. 4 கரி, 7 அடி, நயம் 12. இன்னொருவர் பொறுமைசாலி, தட்டியே அடிக்கிறார். 90-லிருந்து ஏழு அடி, ஒரு ஊதல், நான்கு அடி, ஒரு ஊதல், இரண்டு அடி. 5 கரி, 13 அடி, நயம் 78.

ஓட்டை தெரிகிறதா? ஒரே ஒரு கரி கூடுதலாகச் செலவழித்தால் நயம் ஆறரை மடங்கு. இரண்டாம் நாளே எல்லோரும் தட்டித்தான் அடிப்பார்கள். ஓங்கி அடிக்கும் பொத்தான் தூசி படிந்து கிடக்கும். அடைக்கும் வழியை நிஜ உலையே சொல்லித் தருகிறது: இரும்பை மறுபடி மறுபடி சூடேற்றினால் மேல்பரப்பு பொருக்காகக் கழன்று விழும், கரிமச் சத்தும் குறையும். எனவே வாளின் வலிமை 100-ல் தொடங்கி, மூன்றாவதற்கு மேற்பட்ட ஒவ்வொரு ஊதலுக்கும் 15 குறையட்டும். வேகமாக அடித்தவரின் வாள்: வலிமை 85, நயம் 12. பொறுமையாக அடித்தவரின் வாள்: வலிமை 70, நயம் 78. வலிமை சேதத்துக்கும், நயம் தாக்கும் வேகத்துக்கும் போகட்டும். இப்போது இரண்டு வாளுக்கும் வாங்க ஆள் உண்டு.

கடைசியில் தோய்ப்பு. தண்ணீரில் தோய்த்தால் கடினம் அதிகம், விரிசல் விடும் அபாயமும் அதிகம். எண்ணெயில் மெதுவாக ஆறும், விரிசல் குறையும். பிறகு மறுசூட்டில் எஃகின் மேல் நிறம் ஓடும்: ஏறத்தாழ 220 டிகிரியில் வைக்கோல் மஞ்சள், 300-ஐ ஒட்டி நீலம். மஞ்சளில் நிறுத்தினால் கூர்மை நிற்கும், நீலத்தில் நிறுத்தினால் வளைந்து கொடுக்கும். திரையில் எண்ணைக் காட்டாமல் நிறத்தை மட்டும் காட்டினால் ஆட்டக்காரர் உண்மையிலேயே பதம் பார்க்கக் கற்றுக்கொள்வார். நிறக்குருடு உள்ளவர்களுக்காகக் கோலம் போன்ற ஒரு வடிவ மாற்றத்தையும் சேர்த்துக் காட்டுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று: எண்கள் மாறாமல் இருந்தால் சிறந்த வரிசையை யாராவது கண்டுபிடித்து, மேக்ரோ (பொத்தான்களைத் தானாக அழுத்தும் சிறு நிரல்) எழுதி, தூங்கப் போய்விடுவார். ஒவ்வொரு படியிலும் நிலை மாற வேண்டும். ‘துருத்தி நன்றாக இழுக்கிறது’ என்ற நிலை வந்தால் சூடு 30-க்குப் பதில் 40 என்பது போல. இரண்டு: 200 ஆணி செய்பவரிடம் 200 முறை பதம் பார்க்கச் சொல்லாதீர்கள். ஒருமுறை நல்ல தரத்தில் செய்து காட்டிய பொருளை அடுத்து மொத்தமாகச் செய்யலாம், தரம் மட்டும் நடுத்தரம் என்று வைத்துவிடுங்கள்.

கே: அபூர்வ மோதிரம் வர 5% வாய்ப்பு வைத்தோம். 20 முறை செய்தும் வரவில்லை, ஏமாற்று என்று எழுதுகிறார்கள். 20 முறை செய்தால் ஒன்று வந்தாக வேண்டும் அல்லவா? (கிருஷ்ணகிரி)

ப: சராசரியாக வரும், ஒவ்வொருவருக்கும் வராது. 0.95-ஐ 20 முறை பெருக்கினால் 0.358. அதாவது நூற்றுக்கு 36 பேருக்கு 20 முயற்சியிலும் ஒன்றும் கிடைக்காது. 60 முயற்சிக்குப் பிறகும் 4.6% பேர் வெறும் கையோடு நிற்பார்கள். 2,000 பேர் ஆடும் விளையாட்டில் அது 92 பேர். விளையாட்டைத் திட்டி எழுதுவது அந்த 92 பேர்தான். கிடைத்தவர் எழுத மாட்டார்.

இதற்குப் பலர் செய்யும் வைத்தியம், ஒவ்வொரு தோல்விக்கும் வாய்ப்பை 2% ஏற்றுவது. 5, 7, 9 என்று ஏறும். பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் சராசரி முயற்சி 20-லிருந்து 7 சொச்சத்துக்கு விழுந்துவிடும். உங்கள் அபூர்வ மோதிரம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கொட்டும். ஒரு மாதத்தில் அதை அபூர்வம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதைவிட 5%-ஐ அப்படியே விட்டு, 40-வது முறை கட்டாயம் வரும் என்று எல்லை போடுங்கள். சராசரி 17.4 தான் ஆகும். பொருளாதாரம் பெரிதாக ஆடாது, யாரும் 41-வது முறை அழ மாட்டார்கள். எத்தனை முறை ஆயிற்று என்பதைத் திரையில் காட்டுவதும் முக்கியம்.

எங்களைக் கேட்டால், சாதாரணப் பொருளுக்கு வெற்றி-தோல்விச் சீட்டே வேண்டாம் என்போம். பொருள் எப்போதும் வரட்டும், தரம் மட்டும் மாறட்டும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2022-ல் தரப் படிகளைக் கொண்டுவந்தபோது அதிர்ஷ்டத்தால் தரம் ஏறும் ஓர் அம்சமும் வைத்தது. 2024-ல் அதை எடுத்துவிட்டு, ஆட்டக்காரர் தானே தேர்ந்து செலவிடும் ‘கவனம்’ என்ற இருப்பைக் கொடுத்தது. இருப்பு மெதுவாக நிரம்பும். எந்தப் பொருளுக்குச் செலவிடுவது என்பது அவர் முடிவு. எங்கள் வாக்கு இரண்டாவதற்கே.

கே: லெவல் ஏற்ற ஒரே கத்தியை 300 முறை செய்கிறார்கள். கடையில் கத்தி மலை. (காரிமங்கலம்)

ப: அனுபவப் புள்ளியைச் செய்த எண்ணிக்கைக்குக் கொடுத்தால் இதுதான் நடக்கும். ஒரு பொருளை முதல்முறை செய்தால் பெரிய புள்ளி, அடுத்த பத்துக்குச் சிறிய புள்ளி, பிறகு பூஜ்யம். மீதியை, இன்னொரு ஆட்டக்காரர் கேட்டுச் செய்து கொடுத்த பொருளுக்கு மட்டும் கொடுங்கள். ஆர்டர் பலகை ஒன்று வையுங்கள்: வேண்டுபவர் பொருளும் கூலியும் கட்டிவைப்பார், கொல்லர் எடுத்துச் செய்வார். இதில் ஒரு பித்தலாட்டம் உண்டு. இரண்டு நண்பர்கள் ஒருவருக்கொருவர் ஆர்டர் போட்டுக்கொண்டே புள்ளி ஏற்றுவார்கள். ஒரே ஜோடிக்கு ஒரு நாளில் மூன்று ஆர்டருக்கு மேல் புள்ளி கிடையாது என்றால் தீர்ந்தது.

கே: வேண்டாத கத்தியை உடைத்துக் கம்பியாக்கும் வசதி கொடுத்தோம். இரண்டு வாரத்தில் ஒருவரிடம் லட்சக்கணக்கில் கம்பி. எங்கே தப்பு? (மொரப்பூர்)

ப: நீங்கள் அனுப்பிய எண்களை அப்படியே கூட்டிப் பார்த்தோம். 10 கத்திக்கு 100 கம்பி. உயர் லெவலில் 25% பொருள் மிச்சமாகும். ஆக நிஜச் செலவு 75. அதே லெவலில் 20% வாய்ப்பில் இரட்டிப்பாக வரும். ஆக 12 கத்தி. உடைத்தால் ஒரு கத்திக்கு 7 கம்பி: 84. 75 போட்டால் 84. ஒவ்வொரு சுற்றுக்கும் 9 கம்பி இனாம். மூன்று வசதியும் தனித்தனியே நியாயமானவைதான். சேர்ந்தபோது அச்சடிக்கும் இயந்திரம் ஆகிவிட்டன. உடைப்பதில் கிடைப்பது, எல்லாச் சலுகையும் உச்சத்தில் இருக்கும்போதும் நிஜச் செலவில் பாதியைத் தாண்டக் கூடாது. இங்கே கத்திக்கு 3 கம்பி கொடுங்கள்: 36.

கடைக்காரப் பாத்திரத்திடமும் இதே சோதனை செய்யுங்கள். கம்பியை 10 காசுக்கு விற்று, அதில் ஆகும் 8 ஆணியை ஒன்று 2 காசுக்கு வாங்கினால் கம்பிக்கு 6 காசு லாபம், இரவு பகலாக.

கே: ஊருக்கு ஊர் தனிச் சந்தையா, எல்லாவற்றுக்கும் ஒரே ஏலக்கூடமா? (காவேரிப்பட்டணம்)

ப: ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரே நேரத்தில் 500 பேருக்குக் குறைவாக இருந்தால் ஒரே சந்தை. பிரித்தால் எல்லாச் சந்தையும் காலியாகக் கிடக்கும். ஆள் சேர்ந்த பிறகு பிரிக்கலாம்; பிரித்தால் கிடைப்பது ஏற்றுமதி இறக்குமதி செய்யும் புதுத் தொழில். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு விலை, ஓசூரில் வேறு விலை என்றால் நடுவில் வண்டி ஓட்டுபவர் பிழைப்பார். அல்பியனில் நகரத்துக்கு நகரம் தனிச் சந்தை இருப்பது இதற்காகத்தான்.

விற்பனை ஓலை மட்டுமல்ல, ‘இந்த விலைக்கு 200 கரி வேண்டும்’ என்று கேட்கும் கொள்முதல் ஓலையும் கட்டாயம் வையுங்கள். புதியவர்கள் முதல் நாள் பிழைப்பதே அதில்தான். விற்றால் 5% வரி. ஃபைனல் ஃபேண்டஸி 14-ல் வழக்கமான வீதம் அதுவே. ஓலை ஒட்டவும் சிறு கட்டணம் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு காசு குறைத்து ஒரு காசு குறைத்து நாள் முழுக்க ஓலையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

கே: ரெசிபியை மறைத்துவைத்து ஆட்டக்காரரே கண்டுபிடிக்கட்டும் என்று விடலாமா? (அரூர்)

ப: மறைக்கலாம், ஒரு நாளைக்கு. மறுநாள் யூடியூபில் இருக்கும். மைன்கிராஃப்ட் கூட 2017-ல் ரெசிபிப் புத்தகத்தை விளையாட்டுக்குள்ளேயே வைத்துவிட்டது.

மறைக்க வேண்டியது ரெசிபியை அல்ல, மூலப்பொருளின் குணத்தை. 2003-ல் வந்த ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸில் ஒவ்வொரு தாதுக் குவியலுக்கும் தனிப்பெயர், தனிக் குணங்கள். கொஞ்ச காலம்தான் கிடைக்கும், பிறகு அந்தக் குவியல் தீர்ந்துவிடும், வேறொன்று வேறிடத்தில் முளைக்கும். நல்ல செம்பு வந்த வாரத்தில் சேர்த்துவைத்தவர் அடுத்த வாரம் ராஜா. போன மாதம் எழுதிய குறிப்பு இந்த மாதம் உதவாது. உங்கள் அளவுக்கு: தாதுவுக்குக் கடினம், இளக்கம், தூய்மை என மூன்று குணம், ஒவ்வொன்றும் 1 முதல் 100. வாரம் ஒருமுறை மாறட்டும். பை நிரம்பி வழியும் என்ற பிரச்சினை வரும். 17 வகை இரும்பைத் தனித்தனியே அடுக்கவேண்டி வரும்.  தாதுவுக்கென்று தனிக் கிடங்கு கொடுங்கள்.

கே: எங்கள் ஊர்ப் பொருள்களையே மூலப்பொருளாக வைக்க ஆசை. எதை வைக்கலாம்? (தேன்கனிக்கோட்டை)

ப: இரும்பிலிருந்து தொடங்க உங்களுக்கு உரிமையே உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது.

ஆனால் பெயரை மட்டும் ஒட்டினால் போதாது. ‘கேழ்வரகு’ என்று எழுதி, அது கோதுமை போலவே நடந்துகொண்டால் என்ன பயன்? ராகி புழு அண்டாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். தக்காளி மூன்று நாளில் குழையும். விளையாட்டிலும் ராகி கெடாத சரக்காக, நீண்ட பயணத்துக்கு உரியதாக இருக்கட்டும். தக்காளிக் குழம்பு பலன் இரட்டிப்பு, ஆனால் இரண்டு நாளில் வீண். புளி சமையலுக்கும் போகும், பித்தளை துலக்கவும் போகும். ஆகவே சமையல்காரரும், பித்தளைப் பாத்திரம் செய்யும் கன்னாரும் ஒரே சந்தையில் புளிக்குப் போட்டி போடுவார்கள். பெங்களூரா மாங்காய் பருவத்தில் மட்டும் வந்து, கூழாக்கிப் பானையில் அடைத்தால் ஆண்டு முழுக்க இருக்கட்டும். ஒரு மூலப்பொருளுக்குக் குறைந்தது இரண்டு தொழிலிலாவது வேலை இருக்க வேண்டும். இல்லாததை எடுத்துவிடுங்கள், அது எவ்வளவு நம் ஊர்ப் பொருளாக இருந்தாலும்.

கே: ஒருவரே எல்லாத் தொழிலும் கற்கலாமா? (பர்கூர்)

ப: கற்கலாம் என்றால் சந்தை மெலியும், கூடாது என்றால் இரண்டாம் கணக்குத் தொடங்குவார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் முதன்மைத் தொழில் இரண்டு என்று எல்லை வைத்தது. ஃபைனல் ஃபேண்டஸி 14 எட்டுக் கிராஃப்டிங் தொழில்களையும் ஒரே பாத்திரத்துக்குக் கொடுக்கிறது. சிறிய விளையாட்டுக்கு: எல்லாவற்றையும் 50-ஆம் லெவல் வரை, அதற்கு மேல் ஒன்றே ஒன்று.

கே: செய்த பொருளை நிஜப் பணத்துக்கு விற்க வழி செய்தால் கூட்டம் வருமே? (தர்மபுரி)

ப: வரும், விளையாட அல்ல. டியாப்லோ 3 அப்படி ஒரு ஏலக்கூடம் வைத்து, விளையாட்டின் சுவையையே கெடுக்கிறது என்று 2014 மார்ச் 18-ல் மூடியது. தவிர, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. காசாக மாற்றக்கூடிய பொருளும் அதிர்ஷ்டமும் ஒன்றுசேரும் இடத்தில் கை வைக்கும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

கே: அண்ணா, கல்லூரி புராஜெக்டாகச் செய்கிறேன். செய்யும் பொத்தானை வேகமாக இரண்டு முறை அழுத்தினால் ஒரே தாதுவில் இரண்டு வாள் வருகிறது. (மாணவர், ஊத்தங்கரை)

ப: தம்பி, இதற்குப் பெயர் டூப். இதைச் சரிசெய்யாமல் மேலே உள்ள எந்தக் கணக்கும் நிற்காது. முதல் கோரிக்கை ‘தாது 12 இருக்கிறதா’ என்று பார்த்து, கழிக்கும் முன்பே இரண்டாவது கோரிக்கையும் அதே 12-ஐப் பார்த்துவிடுகிறது. இரண்டுக்கும் ‘இருக்கிறது’ என்றே பதில்.

ஆட்டக்காரர் கணினியிலிருந்து ரெசிபி எண்ணும், அந்த அழுத்தலுக்கென்று ஒரு தனிக் கோரிக்கை எண்ணும் மட்டும் வரட்டும். முடிவு, தரம் எதையும் அங்கிருந்து வாங்காதே. சர்வரில் டேட்டாபேஸ் டிரான்சாக்ஷனை (எல்லாப் படியும் நடக்கும், அல்லது ஒன்றுமே நடக்காது என்ற தொகுப்பை) தொடங்கு. கோரிக்கை எண்ணைத் தனித்துவம் கட்டாயமான பட்டியலில் எழுது; ஏற்கெனவே இருந்தால் பழைய பதிலையே திருப்பி அனுப்பிவிடு. பிறகு பையில் காலி இடம் உண்டா என்று பார். இதைக் கழித்த பிறகு பார்ப்பதுதான் வழக்கமான தப்பு: தாது போய்விடும், வாள் வைக்க இடமிருக்காது. அடுத்து, ‘இருப்பு 12 அல்லது அதற்கு மேல் இருந்தால் 12 கழி’ என்று சோதனையையும் கழித்தலையும் ஒரே கட்டளையில் எழுது. அந்தக் கட்டளையால் மாறிய பதிவு பூஜ்யம் என்றால் மொத்தத்தையும் ரத்து செய். பல பொருள் கழிக்கும்போது எப்போதும் பொருள் எண்ணின் ஏறுவரிசையில் கழி. ஒருவர் கரியைப் பூட்டித் தாதுவுக்காகவும், இன்னொருவர் தாதுவைப் பூட்டிக் கரிக்காகவும் காத்து நின்றால் இரண்டும் உறைந்துவிடும். தரத்துக்கான ரேண்டம் எண்ணைச் சர்வரே போடட்டும். புது வாளுக்குத் தனி வரிசை எண் கொடு, லாக்கில் (நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவேட்டில்) ஒரு வரி எழுது, கடைசியில் கமிட் (மொத்தத்தையும் உறுதி செய்வது). பதில் அனுப்புவது அதற்குப் பிறகு.

பண்டமாற்று ஜன்னல் திறந்திருக்கும்போது கிராஃப்டிங்கைப் பூட்டிவிடு. டூப் அந்த ஜன்னல் வழியாகவும் நுழையும். காசை எப்போதும் முழு எண்ணாக வை, தசமம் வேண்டாம். தினமும் இரவு ஒரு கணக்கு ஓடட்டும்: நேற்றிருந்த தாது, கூட்டு இன்று வெட்டியது, கழி இன்று செலவானது. இன்றிருக்கும் தாதுவோடு ஒன்று வித்தியாசப்பட்டாலும் லாக்கைத் திற.

சிறு திருத்தம்: பாப்பிரெட்டிப்பட்டி வாசகருக்கு. நீங்கள் அனுப்பிய விரிதாளில் கேடயத்துக்கு 9 நிமிடம் என்று போட்டிருக்கிறீர்கள். மூன்றாம் நெடுவரிசையில் 6 தோலுக்கான நேரம் விடுபட்டிருக்கிறது. தோல் ஒன்றுக்கு 2 நிமிடம் என்று உங்கள் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. சேர்த்தால் கேடயம் 21 நிமிடம்.